வோட்காவும் ருஷியப் பொக்கிஷமும்

ஸ்மிர்னாஃப் என்னும் வோட்கா விற்காத தேசம் இன்று உலகில் அரிது. ஜார் சக்கரவர்த்தியின் அரண்மனைக்குச் சரக்களித்த பெருமை அதன் விளம்பரங்களில் பேசப்படுவதுண்டு. வாங்குகிறவர் ருஷியாவின் பழம்பெருமையையே புட்டியில் அடைத்து வாங்குவதாக எண்ணி மகிழ்கிறார். ஆனால் அப்பெயருக்குச் சொந்தக்காரர் இன்று ருஷியர் அல்லர். லண்டனைத் தலைமை ஸ்தானமாகக் கொண்ட டியாஜியோ கம்பெனியாரே. இப்பெயர் கைமாறிய சரித்திரம் ஒரு சரக்கின் சரித்திரம் மட்டுமன்று. குடியை நம்பிப் பிழைத்த ஒரு ராஜ்யத்தின் சரித்திரமும் அதில் அடங்கியிருக்கிறது.

பியோத்தர் ஸ்மிர்னோவ் 1831-ம் வருஷம் யாரோஸ்லாவ் மாகாணத்தில் ஒரு பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். 1860-க்குப் பின் மாஸ்கோவில் வியாபாரம் தொடங்கி, 1886-ல் அரண்மனைக்குச் சரக்களிக்கும் உரிமை பெற்று, 1898-ல் பெருந்தனவந்தராக இறந்தார். அவருடைய உழைப்பை நாம் குறைத்துக் கூற வரவில்லை. அவருக்கு வழி திறந்தது எது என்பதே நமது கேள்வி.

அந்நாளில் ருஷிய சர்க்கார் சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டிருந்தது. குத்தகைதாரர்களின் கொள்ளையைப் பொறுக்கமாட்டாமல், 1858, 1859-ம் வருஷங்களில் பல மாகாணங்களில் குடியானவர்கள் கிராமம் கிராமமாகக் கூடி, இனிக் குடிப்பதில்லை என்று விரதம் பூண்டார்கள். நல்ல சர்க்காராயின் ஆனந்தம் அடைந்திருக்கும். ஜார் சர்க்காரோ, பொக்கிஷத்துக்கு நஷ்டம் வருமென்று அஞ்சி அவ்விரதத்தைத் தடுக்க முற்பட்டது. கோபங்கொண்ட ஜனங்கள் சாராயக்கடைகளைத் தகர்த்தபோது பட்டாளம் வந்தது. 1863-ல் குத்தகை முறை ஒழிந்து கலால் வரி வந்தது. குத்தகைதாரர் போனார்; ஸ்மிர்னோவைப் போன்ற வியாபாரிகள் வந்தார்கள். பொக்கிஷத்தின் வரும்படி மட்டும் நிற்கவில்லை.

வோட்கா செய்வதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கோதுமை அல்லது ரை தானியத்தை மாவாக்கி வேகவைத்து, முளைகட்டிய தானியத்தால் அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, புளிக்கவைத்து, மீண்டும் மீண்டும் காய்ச்சி வடிக்கிறார்கள். இவ்வாறு ஏறக்குறைய 96 சதவிகிதம் சுத்தமாகக் கிடைக்கும் சாராய சத்தில் தண்ணீரைக் கலந்து 40 சதவிகிதமாக்கி, மரக்கரியின் வழியே வடிகட்டிப் புட்டியில் அடைக்கிறார்கள். இந்த 40 என்ற அளவை ரஸாயன சாஸ்திரி மெண்டலீவ் வகுத்தார் என்பது கட்டுக்கதை. 1865-ல் அவர் எழுதியது சாராய சத்தும் தண்ணீரும் சேர்வதைப் பற்றிய ஆராய்ச்சியே. சரக்கு எளிது, செலவு சொற்பம். ஆகவே, விலையில் பெரும்பங்கு வியாபாரியின் பெயருக்கும் சர்க்காரின் வரிக்குமே போய்ச் சேருகிறது.

இதை உணர்ந்தவர் நிதி மந்திரி விட்டே. அவர் 1895-ல் சில மாகாணங்களில் தொடங்கி, வோட்கா விற்பனையைப் படிப்படியாகச் சர்க்காரின் ஏகபோகமாக்கினார். குடியைக் கட்டுப்படுத்தவே இந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. ஆனால் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் சர்க்கார் வரும்படியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வோட்காவிலிருந்தே கிடைத்தது! 1914-ல் யுத்தம் மூண்டதும் ஜார் நிக்கலஸ் விற்பனையை நிறுத்தினார். ஈடு செய்ய வேறு வருமானத்தைத் தேடி வைக்கவில்லை. பொக்கிஷத்தில் பெரும் பள்ளம் விழுந்தது; திருட்டுச் சாராயம் பெருகியது. புரட்சி செய்த போல்ஷ்விக்குகளும் 1925-ல் நாற்பது டிகிரி வோட்காவைச் சர்க்கார் சரக்காக மீண்டும் கொண்டுவந்தார்கள். 1985-ல் கோர்பசேவ் குடியைக் குறைக்க முயன்றபோதும் அதே கதைதான். வரும்படி குறைந்தது, வீட்டில் காய்ச்சுவோரால் கடைகளில் சர்க்கரை அருகிற்று, சில வருஷங்களில் முயற்சி கைவிடப்பட்டது.

ஸ்மிர்னோவின் பெயர் என்னவாயிற்று? புரட்சிக்குப் பின் அவர் மகன் விளாதிமிர் அந்நிய நாட்டில் தஞ்சம் புகுந்தார். 1933-ல் அமெரிக்காவில் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை ரூடால்ப் குனெட் என்பவருக்கு விற்றார். குனெட்டுக்கும் தொழில் பலிக்கவில்லை. 1939-ல் ஹ்யூப்ளின் கம்பெனியார் அதை 14,000 டாலருக்கு வாங்கினார்கள். பல கைகள் மாறி, இன்று லண்டன் கம்பெனியின் பெருஞ்சொத்தாக நிற்கிறது.

குடி ருஷிய ஜனங்களின் பிறவிக் குணம் என்பார் உண்டு. 1859-ல் விரதம் பூண்ட குடியானவர்களே அதற்குப் பதில். தடைச்சட்டம் எங்கும் தோற்கும் என்பார் உண்டு. 1914-லும் 1985-லும் சட்டம் மேலிருந்து இறங்கியது. கீழிருந்து சங்கற்பம் எழவில்லை. பொக்கிஷமும் குடியை மறக்கவில்லை. ஜனங்களுக்குச் சங்கற்பம் இருந்த காலத்திலோ சர்க்கார் அதை நசுக்கியது.

ஆதலால், குடியை ஒழிக்க விரும்புவோர் முதலில் குடிகாரனின் வீட்டை நோக்க வேண்டாம். சர்க்காரின் வரவு செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்க்கட்டும். சாராய வருமானமின்றி நடக்கக் கற்காத சர்க்கார், தன் பிரஜைகள் தெளிந்த புத்தியோடு இருப்பதை மனமார விரும்பாது. ஜார் ஆட்சி போயிற்று, சோவியத் ஆட்சியும் போயிற்று. அவை கற்பித்த இந்தப் பாடம் மட்டும் இன்னும் பழையதாகவில்லை.