தொட்டில் வெறுமையான வீடுகளுக்குத் துணை வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
நெசவாளர் சங்கத்தார்,
சந்தவாசல்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: இறந்து பிறந்த குழந்தை, பிறந்து சில நாட்களில் இறந்த குழந்தை ஆகியோரின் தாய்மார்க்கும் குடும்பத்தார்க்கும் மருத்துவக் கவனிப்பு, மனநலத் துணை, வாழ்வாதார உதவி வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கருவுற்ற ஒரு பெண்ணைத் தமிழ்நாடு அரசு எவ்வளவு அக்கறையோடு பின்தொடர்கிறது என்பதை நெசவாளர் குடும்பங்களாகிய நாங்கள் நன்றியோடு அறிவோம். கிராம சுகாதார செவிலியர் பெயரைப் பதிவு செய்கிறார். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் கிடைக்கிறது. ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, வலி எடுத்தால் 108, பிரசவம் முடிந்தால் வீட்டில் கொண்டுவந்து விடும் 102 என்று உதவிகள் வரிசையாக வருகின்றன. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வருபவை பெரும்பாலும் குழந்தையைப் பற்றிக்கொண்டே வருகின்றன. குழந்தையின் எடை, தொப்புள், பால் குடிப்பது, தடுப்பூசி, அந்தத் தடுப்பூசியை ஒட்டி வரும் நிதித் தவணை என எல்லாவற்றுக்கும் குழந்தையே அச்சு. அந்தக் குழந்தை வயிற்றிலேயே இறந்தாலோ, பிறந்து ஒரு வாரத்தில் கண்மூடினாலோ, அச்சு முறிந்து எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகின்றன. தாய்க்கு அன்றைக்கும் பச்சை உடம்புதான். எங்கள் கோரிக்கை ஒரே வரியில் அடங்கும்: பிள்ளை போனதும் தாயின் பெயர் கவனிப்புப் பட்டியலிலிருந்து விழுந்துவிடக் கூடாது.

இது எங்கோ ஒரு வீட்டில் அபூர்வமாக நடப்பது என்று எண்ண இடமில்லை. இந்தியப் பதிவாளர் நாயகத்தின் மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஆயிரம் குழந்தைகளுக்கு ஓராண்டு நிறைவதற்குள் இறப்போர் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. நாட்டின் சராசரியில் பாதிக்கும் குறைவு என்பது பெருமைக்குரியது. ஆனால் ஆயிரத்துக்கு 13 என்றால் ஏறத்தாழ 77 பிறப்புகளுக்கு ஒரு மரணம். இறந்தே பிறக்கும் குழந்தைகள் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. அவர்களைப் பற்றி ஐ.நா. அமைப்புகள் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 16 விநாடிகளுக்கு ஒரு குழந்தை இறந்து பிறக்கிறது என்றும், 2019இல் இந்தியாவில் மட்டும் சுமார் 3.4 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன என்றும் மதிப்பிட்டது. உலக நாடுகளில் அதுவே அதிக எண்ணிக்கை. 2016இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட தொடர் ஆய்வு, குழந்தையை இறந்த நிலையில் ஈன்று மனச்சோர்வின் அறிகுறிகளோடு வாழும் பெண்கள் உலகில் 42 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. குழந்தையின் மரணம் ஒரு நாள் நிகழ்வு. தாயின் நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீள்கிறது என்பதே இதன் பொருள்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லை என்பது மார்புக்குத் தெரியாது. பிரசவமான இரண்டாம், மூன்றாம் நாளில் பால் கட்டுகிறது, மார்பு கல்லாகிறது, ரவிக்கை நனைகிறது, காய்ச்சல் வருகிறது. அந்நேரம் அவள் பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருப்பாள். பால் வற்ற வேண்டுமென்று எங்கள் பகுதியில் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். இது வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாதது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்த முறையைப் பால் வற்றச் செய்யும் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் அன்றே ஆய்வுக்கு உரியதாக இருந்த ஒரு துன்பம், இன்றைக்கும் வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றாக இருக்கலாமா? பால் எப்போது கட்டும், வலியைத் தணிக்க என்ன செய்வது, எந்த நிலையில் மருத்துவரிடம் வர வேண்டும், விரும்பினால் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க வழி உண்டா என்பவற்றை ஒரு செவிலியர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் கேட்கிறோம்.

அடுத்தது பிழைப்பு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம், குழந்தை என்ற சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்தே விளக்கம் தந்தது. கருச்சிதைவு நேர்ந்த பெண்ணுக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பும் தந்தது. மத்திய அரசு 2022 செப்டம்பர் 2 அன்று பிறப்பித்த ஆணை, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்த உடனே இறந்தாலோ தன் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு என்கிறது. அந்த இழப்பு தாயின் வாழ்வில் நெடுநாள் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும் என்பதே காரணம். இந்த நியாயம் அலுவலகப் பெண்ணுக்குப் பொருந்தினால் தறிக்காரப் பெண்ணுக்கும் பொருந்த வேண்டும். ஆனால் அவளுக்கு விடுப்பு கொடுக்க முதலாளி என்று ஒருவர் ஏட்டில் இல்லை. கூலி சேலைக்கு இவ்வளவு என்று வருகிறது. முன்பணம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. பட்டுத்தறி ஒருவர் உழைப்பில் ஓடுவதில்லை. ஒருவர் நெய்தால் இன்னொருவர் ஊடைநூலைத் தாரில் சுற்ற வேண்டும். கோர்வைச் சேலை என்றால் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அவள் படுத்தால் தறி படுக்கும். ஆகவே தையல் காயும் முன்பே குழிக்குள் காலை இறக்கி, நெய்த சேலை சுற்றும் படமரம் வயிற்றில் இடிக்க உட்கார்ந்து மிதிக்கிறாள். பிள்ளை பிழைத்திருந்தால் ஊரே அவளைத் தறியில் உட்கார விட்டிருக்காது. பிள்ளை இல்லாததால் அவளுக்குப் பத்தியமும் இல்லை, ஓய்வும் இல்லை.

மூன்றாவதாக, இறந்த குழந்தைக்குரிய மரியாதை. 2023 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தவித்த ஒரு தந்தையிடம், இறந்து பிறந்த அவருடைய குழந்தையின் உடலை ஓர் அரசு மருத்துவமனைப் பிணவறையில் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். செய்தி வெளியானதும் ஓர் ஊழியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு மே மாதம், நமக்கு அருகிலுள்ள வேலூர் மாவட்ட அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலை இல்லாமல் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, பெற்ற தாயே ஏந்திக்கொண்டு நடந்தார். ஓர் ஊழியரின் பணியிடை நீக்கத்தோடு இவை தீர்வதில்லை. வெள்ளைத் துணி எங்கே இருக்கிறது, யார் சுற்றித் தருவது, யார் கையெழுத்திடுவது, எந்த வண்டி வருவது என்று எழுதிவைத்த நடைமுறை இல்லாத இடத்தில் நல்ல ஊழியரும் தடுமாறுவார். இலவச அமரர் ஊர்தி நம் மாநிலத்தில் உண்டு. கைக்கு அடங்கும் சிறு உடலுக்கும் அது உரியது என்று பிரசவ வார்டிலேயே குடும்பத்துக்குச் சொல்லப்பட வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இறந்து பிறத்தலையும் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் போல அந்தப் பெற்றோர் கைக்கு ஒரு தாளும் வந்து சேர்வதில்லை. இங்கிலாந்தில் 24 வாரம் நிறையாத கருவை இழந்தவர்களும் கேட்டால் பெறக்கூடிய சான்றிதழை 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு தொடங்கியது. பிள்ளை இருந்தது என்பதற்கு ஒரு தாள் வேண்டும் என்ற ஏக்கம் எல்லா ஊர்த் தாய்க்கும் ஒன்றுதான்.

எங்கள் கோரிக்கைக்கு எழக்கூடிய மறுப்புகளை நாங்களே எண்ணிப் பார்த்தோம். இறப்பைத் தடுப்பதற்கே பணமும் ஆளும் போதாதபோது, நடந்து முடிந்ததற்குச் செலவிடலாமா என்பது முதலாவது. தடுப்பும் துணையும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நாங்கள் கருதவில்லை. 2014இல் மத்திய அரசு வெளியிட்ட குழந்தை இறப்பு ஆய்வு வழிகாட்டுதலின்படி, இறப்பு நடந்த வீட்டுக்கே சென்று பெற்றோரிடம் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையின் உயிர் தாயின் வாய்ச்சொல். எப்போது அசைவு குறைந்தது, எந்த மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதைப் பயமும் குற்றவுணர்வும் உள்ளவள் சொல்ல மாட்டாள். ஆதரவு பெற்றவள் சொல்வாள். அந்த ஆய்வின் முடிவு அவளுக்குத் திரும்பி வருவதும் அவசியம். இரத்த அழுத்தமா, சர்க்கரையா, நஞ்சுக்கொடியா, தொற்றா என்று மருத்துவர் சொல்லாத வீட்டில், ‘கிரகணத்தில் வெளியே வந்தாள்’, ‘தறியில் உட்கார்ந்தாள்’, ‘ராசி இல்லாதவள்’ என்று ஊர் சொல்லும். தெரிந்த காரணத்தைச் சொல்வதும், தெரியாவிட்டால் ‘உன் தவறு இல்லையம்மா’ என்று சொல்வதும் மருந்துதான். அடுத்த கர்ப்பத்தில் அவள் முதல் மாதமே மருத்துவமனைப் படியேறுவதற்கும் அதுவே காரணமாகும்.

இரண்டாவது மறுப்பு: துக்கத்தைத் தேற்ற உறவும் சடங்கும் இருக்கின்றன, பேசப் பேசப் புண் கிளறும். பெரியவர்கள் மறைந்தால் நம் மரபு அப்படித்தான் தாங்குகிறது. எட்டாம் துக்கம், கருமாதி என்று நாள் குறித்து அழ வைத்து, நாள் குறித்தே துக்கத்திலிருந்து எழுப்புகிறது. ஆனால் பச்சிளம் பிள்ளைக்கு அந்தச் சடங்குகள் பெரும்பாலும் இல்லை. ஆண்கள் தூக்கிச் சென்று புதைத்துவிட்டு வருகிறார்கள். தாய் வார்டில் கிடக்கிறாள். முகம் பார்த்தாளா என்று யாரும் கேட்பதில்லை. ‘அழாதே, அடுத்தது பெத்துக்கலாம்’ என்பதோடு பேச்சு முடிகிறது. குழி தோண்டி வந்த தகப்பனுக்கோ அந்த ஆறுதலும் இல்லை. மரபு மௌனமாகிவிட்ட இடத்தில்தான் துணை கேட்கிறோம். அதையும் திணிக்கச் சொல்லவில்லை. இறந்த குழந்தையைப் பார்ப்பதும் ஏந்துவதும் சிலருக்கு ஆறுதல், சிலருக்கு வேதனை. ஆகவே ‘பார்க்கிறாயா அம்மா?’ என்று கேட்டு, அவள் சொல்லும் பதிலுக்கு மதிப்புத் தந்தால் போதும்.

மூன்றாவது, வார்டில் இடமும் செவிலியரும் இல்லை என்பது. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டத்தை 2004இல் தமிழ்நாடு கொண்டுவந்தபோதும் நெரிசலுக்குக் குறைவில்லை, ஆயினும் நடந்தது. அழும் குழந்தைகளுக்கு நடுவே வெறுங்கையோடு ஒருத்தியைப் படுக்க வைக்காமல், வார்டின் ஓரக் கட்டிலும் ஒரு திரையும் ஒதுக்கப் புதுக் கட்டடம் தேவையில்லை. மனநல ஆலோசனைக்கு 2022 முதல் 14416 என்ற எண் இயங்குகிறது; மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது; 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாக வருகிறது. உதவித்தொகை தவறான கைக்குப் போகும் என்ற ஐயத்துக்கும் பிக்மி பதிவு, மருத்துவமனை விடுவிப்புச் சீட்டு, இறந்து பிறத்தல் பதிவு ஆகிய மூன்றுமே விடை. இருப்பவற்றை இந்தத் தாயின் வாசல்வரை நீட்ட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

எனவே கீழ்க்கண்டவற்றை நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

1. ஆரணி, போளூர் அரசு மருத்துவமனைகளிலும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தையை இழந்த தாய்க்குத் தனி ஓரக் கட்டில், திரை, இரவும் பகலும் ஒரு துணை ஆகியவற்றை உறுதி செய்ய வேண்டும்.

2. உடலைத் தூய துணியில் சுற்றி ஒப்படைத்தல், பெற்றோர் விரும்பினால் முகம் பார்க்க நேரம் தருதல், அமரர் ஊர்தி வரவழைத்தல் ஆகியவற்றுக்கு ஒரு பக்க நடைமுறை எழுதி, பிரசவ வார்டிலும் பிணவறையிலும் ஒட்ட வேண்டும்.

3. வீடு திரும்பும் முன் பால் கட்டுதல், உதிரப்போக்கு, காய்ச்சல், மனச்சோர்வு குறித்த அறிவுரையை வாய்மொழியாகவும், 14416 எண்ணோடு தமிழில் அச்சிட்ட தாளாகவும் தர வேண்டும்.

4. குழந்தையின் மறைவை உடனே பிக்மி பதிவில் ஏற்றி, தடுப்பூசி நினைவூட்டல் அந்த வீட்டுக்குச் செல்லாமல் தடுக்க வேண்டும். அதே பதிவைக் கொண்டு ஆறு வாரத்துக்குள் மூன்று முறையாவது கிராம சுகாதார செவிலியர் தாயையும் தந்தையையும் சந்திக்க வேண்டும்.

5. இறப்பு ஆய்வின் முடிவை எளிய தமிழில் மருத்துவரே பெற்றோருக்கு விளக்க வேண்டும்.

6. மகப்பேறு நிதியுதவியின் மீதித் தவணைகள் குழந்தை இறந்த காரணத்தால் நிறுத்தப்படாமலிருக்கவும், கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நலவாரியத்தின் மகப்பேறு உதவி இறந்து பிறந்த குழந்தைக்கும் முழுமையாகக் கிடைக்கவும் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

7. கூட்டுறவுச் சங்கங்களிலும் தனியார் உற்பத்தியாளர்களிடமும் நெய்யும் இத்தகைய குடும்பங்களுக்குச் சேலை ஒப்படைக்கும் கெடுவிலும் முன்பணப் பிடித்தத்திலும் ஆறு வார அவகாசம் கிடைக்க, கைத்தறித் துறை வழியாக முத்தரப்புக் கூட்டம் கூட்ட வேண்டும்.

8. இறந்து பிறந்த குழந்தையின் பதிவுக்குப் பெற்றோர் விரும்பினால் ஒரு சான்று வழங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

பட்டுத்தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளி அந்த இழையை விட்டுவிட்டு மேலே நெய்வதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்ட பிறகே அடுத்த நாடாவை விடுவார். விட்ட இழை சேலையின் கடைசிவரை கோடாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். கருவுற்ற நாள் முதல் அரசு கையில் பிடித்திருந்த ஒரு பெண்ணின் இழை, அவள் வாழ்வின் மிகக் கடினமான வாரத்தில் அறுந்துபோகிறது. தாங்கள் சுகாதாரத் துறை, கைத்தறித் துறை, தொழிலாளர் துறை அலுவலர்களை ஒரே மேசையில் அமர்த்தி அதை முடிச்சிட்டுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அக்கூட்டத்தில் எங்கள் சங்கத்தின் பெண் உறுப்பினர்கள் இருவருக்கு இடம் தந்தால், வீடுகளின் நிலையை நேரில் எடுத்துரைப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெசவாளர் சங்கத்தார்.

இடம்: சந்தவாசல்

நகல்:
மாவட்ட சுகாதார அலுவலர்
இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்
முதல்வர், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை
கைத்தறித் துறை அலுவலர்
தொழிலாளர் துறை அலுவலர்