விளக்கு எரியுதா?

ரவுட்டர் தகராறு என்றதும் நம்ம ஆளுங்க கை கீபோர்டுக்குத்தான் போகிறது. போர்ட்டில் விளக்கு எரியுதா என்று குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

விளக்கைப் பார்த்த பிறகுதான் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்'. 'அட்மினிஸ்ட்ரேடிவ்லி டவுன்' என்றால் போர்ட்டை நாமே மூடி வைத்திருக்கிறோம். ஸ்டேட்டஸ், புரோட்டோகால் இரண்டும் வெறும் 'டவுன்' என்றால் கேபிளையும் எதிர்முனையையும் பாருங்கள். ஸ்டேட்டஸ் 'அப்', புரோட்டோகால் 'டவுன்' என்றால் ஒயரைத் திட்டாதீங்க, செட்டிங்கைத் தேடுங்கள்.

சிமுலேட்டரில் கிளிப் உடையாது, எலி கடிக்காது! அம்பத்தூர் எஸ்டேட்டின் டேட்டா சென்டருக்கு வேலை கேட்டுப் போனால் கைப்பழக்கம்தான் காப்பாற்றும். ஆகவே, செய்முறைத் தேர்வில் பழுதான கேபிள் ஒன்றைக் கொடுங்கள். கண்டுபிடிப்பவருக்கு மார்க் போடுங்கள். டிப்ளமோ என்பது கைக்குக் கிடைக்கிற பட்டயமாச்சே!