கண்ணைப் பறிக்கும் விளக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாம் ஷிப்டு முடிந்து, உருக்காலைச் சூட்டில் வெந்த உடம்போடு சைக்கிளை மிதித்து வருகிறார் தொழிலாளத் தோழர். விளக்கில்லாத சாலையோரம். எதிரே ஒரு கார். நீலம் கலந்த வெள்ளை ஒளி ஊசிபோல் கண்ணுக்குள் பாய்கிறது. அந்த நொடியில் அவருக்குப் பள்ளமும் தெரியாது, முன்னால் நிறுத்திவைத்திருக்கும் டிரெய்லரும் தெரியாது. கார் போய்விடும். கூசிய கண் தெளியச் சில வினாடிகள் ஆகும். வயது ஏறியவருக்கு இன்னும் அதிகம். காரில் போனவருக்கு மட்டும் வழி நன்றாகத் தெரிந்தது!

இது என்ன நியாயம் என்று கேட்கிறோம். காசுள்ளவர் கடையில் வாங்கிய வெளிச்சத்துக்கு, காசில்லாதவர் கண்ணால் விலை கொடுப்பதா?

எச்4 ஹாலஜன் பல்பு, கம்பெனி பொருத்தும் அளவில், ஹை பீமுக்கு 60 வாட், டிப்புக்கு 55 வாட். அதைக் கழற்றி எறிந்துவிட்டு 100/90 வாட் மாட்டுகிறார்கள். அதுவும் போதாதென்று எச்.ஐ.டி., எல்.இ.டி. என்று புதுச் சரக்கு. அந்த ஹாலஜன் பல்பில் டிப் இழைக்குக் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு; ஒளி மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். இழை எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தைக் கணக்கிட்டே ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். ஒளி பிறக்கும் இடம் சற்றே விலகினாலும் கணக்குக் கெடுகிறது. சாலையில் விழவேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில் அறைகிறது. மாட்டியவருக்கும் சுகமில்லை. 5 ஆம்பியர் ஓடிய கம்பியில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடினால் வயர் சுடும், சுவிட்ச் உருகும். மழைநாளில் அந்த வெள்ளொளி நீர்த்துளியில் பட்டுத் திரும்பி அவர் கண்ணையே கூசவைக்கும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஏட்டில் இருக்கும் இந்தச் சட்டம் ஷிப்டு விடும் நேரத்தில் சாலைக்கு வருவதில்லையே, ஏன்? முன்பெல்லாம் ஹெட்லைட்டின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். போலீஸ்காரரே வண்டியை நிறுத்தி ஒட்டியதும் உண்டு. நூறு வாட்டுக்கு முன்னால் அந்தப் பொட்டு என்ன செய்துவிடும், பாவம்!

ஆனால் கம்பெனி வேன் ஓட்டும் தோழரைத் திட்டிவிட்டு எழுந்து போய்விட நாம் தயாரில்லை. தேர்வாய்க் கண்டிகைப் பக்கம் இருட்டில் மாடு படுத்திருந்தால் தெரிய வேண்டாமா என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அவருக்கு நாம் சொல்வது இது: முதலில் மஞ்சளித்த கண்ணாடியைத் தேய்த்துத் துலக்குங்கள். துருப்பிடித்த எர்த்தைச் சரிசெய்யுங்கள். பிறகு வண்டியைச் சமதளத்தில், சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிப்பைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். விழவில்லையென்றால் திருத்த வேண்டியது விளக்கிலுள்ள திருகை, பல்பை அல்ல.

வெளிச்சம் வேண்டும். மறுப்பவர் யார்? அதை ஆளுக்கொரு பல்பாகக் கடையில் தேடும் நிலைக்கு ஓட்டுநர்களைத் தள்ளியது யார்? சிப்காட்டில் உற்பத்தியாகும் பொருளை ஏற்றிச் செல்ல நான்குவழிச் சாலை போடத் தெரிந்தவர்களுக்கு, அதை உற்பத்தி செய்தவன் வீடு திரும்பும் ஓரத்தில் கம்பம் நட்டு விளக்கெரிக்கவும் தெரிய வேண்டும். காக்களூரானாலும் கும்மிடிப்பூண்டியானாலும், ஷிப்டு விடும் வாயில்களிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை தெருவிளக்கு வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். போக்குவரத்து அதிகாரிகள் பகலில் ஆவணம் பார்ப்பதோடு நில்லாமல், இரவு பத்து மணிக்கு மேல் நெடுஞ்சாலைக்கு வந்து விளக்கையும் பார்க்க வேண்டுமென வற்புறுத்துகிறோம்.