மீட்டருக்கு மணி தெரியும், காரணம் தெரியாது

என் வயது 59. காவிரிக் கரையோரம் ஒரு சின்ன ஊர். வீட்டில் நான், என் கணவர், 84 வயதாகும் என் மாமியார், மூன்று பேர்தான். பெரியவன் ஓசூரில் வேலையாக இருக்கிறான், சின்னவளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். கரண்ட் கணக்கைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் வீட்டு அந்தரங்கமும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது என்பதை நானே போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

சித்திரை, வைகாசிக்கு வந்த பில்லில் 540 யூனிட். வழக்கமாக 400-ஐச் சுற்றித்தான் வரும். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்குக் கிடைக்கிற சலுகை விலையும் போய்விடுகிறதே, தொகையைப் பார்த்ததும் என் கணவருக்குத் தலை சுற்றியது. உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "எந்நேரமும் கிரைண்டர் ஓடுது, மிக்ஸி ஓடுது, பின்ன ஏன் வராது?" எந்த வீட்டில்தான் இந்தப் பேச்சு இல்லை சொல்லுங்கள்! சத்தம் போடுகிற சாமான் மேல்தான் சந்தேகம் வரும். அந்தச் சாமான் நம் கையில் இருப்பதால் குற்றமும் நம் மேல் வந்து விழுகிறது. அதற்குப் பிறகு சட்னிக்கு மிக்ஸி போடும்போதெல்லாம் எனக்கே ஒரு கூச்சம். இரண்டு மாதம் அம்மியில்கூட அரைத்துப் பார்த்தேன். தோள்பட்டை வலிதான் மிச்சம்.

என் அக்கா மகள் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். புரட்டாசியில் வந்தபோது ஒரு விஷயம் சொன்னாள். கல்லூரியில் வீடுகளின் மின்சாரச் செலவைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். மெயின் போர்டில் வயரைச் சுற்றி ஒரு கிளிப் மாதிரி மாட்டிவிட்டால், எந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் போகிறது என்று போனிலேயே படமாகத் தெரியுமாம். "உங்க வீட்டுல மாட்டட்டுமா சித்தி?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "தாராளமா மாட்டு, யார் செலவு பண்றாங்கன்னு தெரிஞ்சு போயிடும்" என்றார். இணைப்பு அவர் பெயரில் இருப்பதால் படிவத்தில் கையெழுத்தும் அவர்தான் போட்டார். வீட்டில் என்னென்ன சாமான், எத்தனை மணி நேரம் ஓடும் என்ற கேள்விகளுக்கும் அவரே பதில் சொன்னார். "வாஷிங் மெஷின் வாரத்துக்கு ரெண்டு தடவை" என்று சொல்லிக் கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்து கேட்டுச் சிரித்துக் கொண்டேன். அந்த மெஷினை எந்தப் பக்கம் திறப்பது என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்!

முதல் வாரத்திலேயே உண்மை வெளியே வந்தது. குற்றவாளி கிரைண்டர் இல்லை, ஃப்ரிட்ஜ். பதினான்கு வருஷத்துப் பழசு. கதவு ரப்பர் வெடித்து, குளிர் வெளியே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியிருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 210. கிரைண்டர் 150 வாட். நாற்பது நிமிஷம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். வாரத்துக்கு இரண்டு முறை மாவு அரைத்தாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட்டை எட்டாது. மிக்ஸி 750 வாட் என்று பயமுறுத்தினாலும் தினம் பத்து நிமிஷம் ஓடுவதற்கு இரண்டு மாதத்தில் ஏழு, எட்டு யூனிட். ஹாலில் காலையிலிருந்து ராத்திரி வரை இவர் தலைக்கு மேல் சுற்றுகிற பழைய ஃபேன் மட்டும் 75 வாட், நாளுக்கு இருபது மணி நேரம். நீங்களே பெருக்கிப் பாருங்கள். தொண்ணூறு யூனிட்! பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து நான் இதைப் போட்டுக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரப்பரை மாற்றி, ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும் அது இரண்டு யூனிட்டுக்கு இறங்கிவிட்டது.

இதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். இப்படி அளந்து பார்க்காமல் யாருக்கும் நிஜம் தெரியப் போவதில்லை. புனேயில் பிரயாஸ் என்ற அமைப்பு மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேச வீடுகளில் மீட்டர் வைத்து நிமிஷக் கணக்காக ஆராய்ந்திருக்கிறது என்று அக்கா மகள் சொன்னாள். எந்தச் சாமான் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்தால்தானே கம்பெனிக்காரனும் நல்லதாகச் செய்வான், அரசாங்கமும் சட்டம் போடும்.

வினை ஐப்பசியில் வந்தது. போனில் வருகிற அந்தப் படத்தைப் பெரியவனும் ஓசூரிலிருந்து பார்க்கும்படி அவனுடைய அப்பா செய்து வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். "அம்மா, ராத்திரி மூணு மணிக்கு ஹீட்டர் ஓடுது, நாலு மணிக்கு வாஷிங் மெஷின் ஓடுது, தூக்கத்துல நடக்கிறியா?" என்று சிரித்தான். இவரும் சேர்ந்துகொண்டு, "ஹீட்டரை அணைக்க மறந்துட்டுப் படுத்திருப்பா" என்றார். நான் பதில் பேசவில்லை. பக்கத்து அறையில் அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அத்தைக்கு ஆறேழு மாதமாக ராத்திரியில் சிறுநீர் கட்டுப்படுவதில்லை. நான் கீழே அவருடன் படுக்கிறேன். இவர் மாடியில். நனைந்துவிட்டால் என்னை மெதுவாகத் தொட்டு எழுப்புவார். மழை நாளில் பச்சைத் தண்ணீர் ஆகாதே, வெந்நீர் போட்டுத் துடைத்து, புடவை மாற்றி, விரிப்பை மெஷினில் போட்டு விடிவதற்குள் காயப்போட்டு விடுவேன். "என் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்மா, பேரனுக்கும் தெரிய வேண்டாம்" என்று முதல் நாளே என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அந்த மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்துக்கும் தெரியாது. மெயின் போர்டில் இருந்த அந்தக் கிளிப்புக்குத் தெரிந்துவிட்டது.

அன்று ராத்திரி அத்தை என்னை எழுப்பவில்லை. விடியற்காலை எழுந்து பார்த்தால் ஈரத்திலேயே சுருண்டு படுத்திருக்கிறார். உடம்பு சில்லிட்டிருந்தது. "ஏன் அத்தை கூப்பிடல?" என்றேன். "மிஷின் காட்டிக் குடுத்துடுதாமே" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? மூன்று நாள் சளியும் காய்ச்சலுமாகக் கிடந்தார். அதற்கு மேல் மறைக்க முடியாமல் அவரிடம் சொன்னேன். பாவம், அவர் கெட்டவர் இல்லை. பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார், ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அக்கா மகளைக் கூப்பிட்டு ஒரு சண்டை போட்டேன். அவள் என்ன செய்வாள். உட்கார வைத்து விளக்கினாள். ஒவ்வொரு சாமானும் ஓட ஆரம்பிக்கும்போது மொத்தக் கரண்டில் ஒரு படி ஏறும், நிற்கும்போது அதே படி இறங்கும். ஃப்ரிட்ஜ் என்றால் சின்னப் படி, ஹீட்டர் என்றால் இரண்டாயிரம் வாட் பெரிய படி. அந்தப் படிகளை வைத்தே வீட்டுக்குள் வராமல் உள்ளே என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். இந்த வழியை 1980-களிலேயே அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர் கண்டுபிடித்துக் காட்டினாராம். அவரே 1989-ல், இதை வைத்து வீட்டை உளவு பார்க்கவும் முடியும் என்று எச்சரித்து எழுதிவிட்டாராம். வழி கண்டவரே சொன்ன எச்சரிக்கையைப் படிவத்தில் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?

"இந்தக் கிளிப்பை நாளைக்கே கழட்டிடலாம் சித்தி, ஆனா ஸ்மார்ட் மீட்டர் வருதே" என்றாள். அது நமக்கெல்லாம் பொது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் நாடு முழுக்க மாற்றுகிறார்கள், சென்னை தி.நகரில் முன்னோட்டமாகவே பொருத்தினார்கள். இப்போதைய மீட்டர் இரண்டு மாதத்துக்கு ஒரே ஒரு எண்தான் சொல்லும். அது கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை குறித்துக்கொண்டே இருக்கும். அரை மணிக் கணக்கில் மிக்ஸியா கிரைண்டரா என்று பிரிக்க முடியாது. ஆனால் வீடு பூட்டியிருக்கிறதா, எத்தனை மணிக்கு எழுந்தார்கள், நடுராத்திரியில் யாராவது விழித்திருக்கிறார்களா என்பதெல்லாம் தெரியும். நெதர்லாந்து நாட்டில் இந்த மீட்டரைக் கட்டாயமாக்கச் சட்டம் கொண்டு வந்தபோது, வீட்டு அந்தரங்கம் போய்விடும் என்று 2009-ல் அவர்களுடைய மேலவை ஒத்துக்கொள்ளவில்லையாம். பிறகு, வேண்டாம் என்று மறுக்கும் உரிமையை மக்களுக்குக் கொடுத்துத்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். நாம் மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு ஒரு விதி போட்டது. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு நேரத்துக்கு ஒரு விலை. வெயில் இருக்கிற பகல் நேரத்தில் சாதாரண விலையை விட 20 சதவீதமாவது குறைவு, எல்லாரும் ஒரே சமயத்தில் இழுக்கிற உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 10 சதவீதமாவது கூடுதல். எது உச்ச நேரம் என்பதை அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும். சூரிய மின்சாரம் பகலில் நிறையக் கிடைக்கிறது, அதனால் காரணம் நியாயம்தான். ஆனால் சாயங்காலம் என்பது யாருடைய நேரம்? வேலைக்குப் போன பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்து அடுப்பு மூட்டுகிற நேரம், பிள்ளைகள் படிக்கிற நேரம். "உபயோகத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிடலாம். பகலில் வீட்டில் இருக்கிற எனக்கு அது லாபம். பகலெல்லாம் வெளியே உழைக்கிறவள் எதை மாற்றுவாள்? வரைபடத்தில் சாயங்காலம் ஒரு மலை மாதிரி ஏறுகிறதே, அதைப் பார்த்து "வீணாக்குகிறார்கள்" என்று எழுதுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அதனால் நான் ஆராய்ச்சி கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பிடித்துக் கொடுத்ததே அதுதான். இணைப்பு யார் பெயரில் என்று பார்த்து அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சுவிட்சைப் போடுகிறவளைக் கேளுங்கள். வீட்டில் படுத்திருக்கிற பெரியவர்களையும் கேளுங்கள். கணக்கு முதலில் அவர்கள் கைக்கு வரட்டும், பிறகு யாருக்குப் போகலாம் என்று அவர்கள் சொல்லட்டும். சண்டையில் தூக்கிக் காட்ட ஓர் ஆயுதமாக அது மாமியார் கையிலோ புருஷன் கையிலோ போய்ச் சேர்ந்தால், நாளைக்கு எத்தனை மருமகள்கள் "பதினோரு மணிக்கு யாருக்கு டி.வி. ஓடிச்சு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் கொண்டிருப்பார்கள்!

அக்கா மகள் படிவத்தை மாற்றி எழுதி எடுத்து வந்தாள். இந்தத் தடவை கையெழுத்து நான் போட்டேன். அத்தையிடம் வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் போட்டேன். நிமிஷக் கணக்கு கல்லூரிக்குப் போகாது, ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு என்பது மட்டும் போகும். படம் இப்போது என் போனில் மட்டும்தான் வருகிறது. பெரியவன் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். "ஸாரிம்மா, பாட்டிகிட்ட குடு" என்றான். பாட்டியும் பேரனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கொல்லைக்குப் போய்விட்டேன்.

இந்தக் கடிதத்தையும் அத்தையைக் கேட்டுத்தான் எழுதினேன். "ஊர், பேர் போடாம எழுது" என்றார். இப்போது ராத்திரி மூன்று மணிக்கு அவர் தொட்டால் நான் எழுந்து ஹீட்டரைப் போடுகிறேன். சில நாள் மாடியிலிருந்து இவரே இறங்கி வந்து போட்டுவிட்டுப் போகிறார்.

- பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி