மலை மேல் ஒரு காப்பி பில்டர்

கொடைக்கானலுக்குப் போய்விட்டு வந்தவர்களை, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். ஏரியில் படகு விட்டோம், பிரையண்ட் பூங்காவில் போட்டோ பிடித்துக்கொண்டோம், கோக்கர்ஸ் வாக்கில் பனி மூடி ஒன்றும் தெரியவில்லை, தைலமும் சாக்லேட்டும் வாங்கினோம் என்பார்கள். நானும் மூன்று தடவை அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தவள்.

இந்தத் தடவை என் நாத்தனார் விடவில்லை. முப்பது வருஷமாக அவள் அந்த ஊர்வாசி. "அண்ணி, ஊருக்குள்ளேயே ஒரு காடு இருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்" என்றாள். வனத்துறையிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதியும் வாங்கி வைத்திருந்தாள். காலை ஏழு மணிக்கு நானும் அவளும் என் கடைக்குட்டியும் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் கம்பளியை விட்டு வெளியே வர மறுத்துவிட்டார்.

அந்தக் காட்டுக்குப் பாம்பே சோலை என்று பெயர். உள்ளே கொஞ்ச தூரம் போனதுமே ஊர்ச் சத்தம் நின்றுவிட்டது. மரங்கள் ஒன்றும் வானை முட்டவில்லை. கோணல் மாணலாக வளர்ந்து, பாசியைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. காலடியில் மக்கிய இலைகள் மெத்தை மாதிரி அமுங்கின. மேலே ஒரு கிளை குலுங்கியது. பூனை அளவுக்கு ஒரு மலையணில், நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி எங்களை வேடிக்கை பார்த்தது!

சிறு ஓடை ஒன்று குறுக்கிட்டது. "மழை பெய்து பத்து நாள் ஆச்சே, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, அத்தை?" என்றான் பையன்.

"ராத்திரி உன் அம்மா காப்பி பில்டரில் வெந்நீர் ஊற்றுகிறாளே, டிகாக்ஷன் எப்படி இறங்கும்?"

"சொட்டுச் சொட்டாக."

"தூளே போடாமல் ஊற்றினால்?"

"சர்ரென்று இறங்கிவிடும்!"

"அவ்வளவுதான் சங்கதி. இந்தப் பாசியும் மக்கும் வேரும்தான் தூள்" என்றாள் நாத்தனார்.

மேலே புல்வெளி, மலையின் மடிப்புகளில் சோலை: பழனி மலைகளின் பழைய அமைப்பு இது. பெய்த மழையை இரண்டும் சேர்ந்து பிடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் கசியவிடுகின்றன. பழனியில் பக்தர்கள் முழுகுகிற சண்முக நதிக்கும், தெற்கே மஞ்சளாற்றுக்கும் தண்ணீர் இந்த மலைகளிலிருந்துதான் இறங்குகிறது. ஆனால் போன நூற்றாண்டில் புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்குமாக யூகலிப்டஸ், வாட்டில், பைன் மரங்களை நட்டுவிட்டார்கள். குறிஞ்சி பூக்கிற இடமும் அந்தப் புல்வெளிதான். 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்க வேண்டும், மிச்சமிருக்கும் புல்வெளியில்.

திரும்பி வரும்போது சாலையோரத்தில் ஒரு கரும்பாறை. போகும்போது இது இருந்ததா என்று நான் யோசிப்பதற்குள் பாறை காதை ஆட்டியது. காட்டெருமை! நம் பழைய நூல்கள் 'ஆமா' என்று சொல்வது இதைத்தான் என்றாள் நாத்தனார். எருமை என்று பேரே தவிர, உறவு என்னவோ பசுவோடுதானாம். ஆயிரம் கிலோ வரை வளருமாம். நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் போட்டாற்போல் இருந்தது.

"ஓடாதீர்கள், சத்தம் போடாதீர்கள். மெள்ளப் பின்னால் வாருங்கள். அதற்கு வழி விட்டால் போதும்" என்றாள் நாத்தனார். மரத்தோப்புக்குள் புல் இல்லாததால், புல்லைத் தேடி ஊருக்குள் வருகின்றனவாம். "ஊருக்குள் வந்துவிட்டது என்று எல்லோரும் புகார் சொல்கிறார்கள், அண்ணி. அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே முதல் வீடு கட்டியது 1845-ல். அதற்கு முன்னால் இது யாருடைய ஊராம்?"

அது புல்லை மேய்ந்தபடி நகர்ந்தது. புல்லோடு பளபளவென்று ஒரு சிப்ஸ் பாக்கெட். உப்பு ருசிக்கு நக்கிற்று. பிறகு வாய்க்குள் இழுத்துக்கொண்டது. நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சகோதரிகளே, கொடைக்கானல் போகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்று ஏற்பாடு வந்திருக்கிறது. அதோடு, திரும்பி வரும்போது குப்பையைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பையும் எடுத்துப் போங்கள். சோலைக்குப் போவதானால் அனுமதி வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் துணையோடு காலையில் போங்கள். காட்டெருமையோடு போட்டோ மட்டும் வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர், "என்ன பார்த்தாய்?" என்று கேட்டார். முதல் நாள் சாயங்காலம் ஏரிக்கரைக் காற்றில் என் கையிலிருந்து ஒரு பாக்கெட் பறந்துபோயிற்று. 'போனால் போகிறது' என்று விட்டுவிட்டேன். அது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

என் பையன் முந்திக்கொண்டான். "அம்மா போட்ட மாதிரியே ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டெருமை தின்றதைப் பார்த்தோம், அப்பா!"

அன்று எனக்குக் காப்பி இறங்கவில்லை.