இலண்டன் பென்ஷன் காசு: எடுப்பதா, விட்டுவைப்பதா?



கணவர், வாப்பா, நாநா, மகன் என்று யாராவது ஒருவர் பிரித்தானியாவில் உழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே குறைவில்லை. கடையிலோ, களஞ்சியத்திலோ, முதியோர் இல்லத்திலோ இருபது வருடம் நின்று உழைத்த உடம்பு ஒருநாள் படுத்துவிடுகிறது. பக்கவாதம், இருதய நோய், முள்ளந்தண்டு வருத்தம் என்று ஏதோ ஒன்று. அப்போது ஊரிலிருந்து போகும் முதல் யோசனை, "உங்கட பென்ஷன் காசை எடுத்து அனுப்புங்க, வீட்டு வேலையாவது முடியட்டும்" என்பதுதான். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த ஒரு யோசனையால் அங்கே நோயாளிக்குக் கிடைக்கும் உதவிப் பணமும் வீட்டு வாடகை உதவியும் ஒருசேர நின்றுவிடக்கூடும்.

நாம் இப்படி யோசிப்பதில் வியப்பில்லை. நமக்குத் தெரிந்தது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டி, ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மொத்தமாகக் கையில் வாங்கும் பணம் அது. ஆகவே பென்ஷன் என்றால் எடுக்க வேண்டிய காசு என்றே நம் மனதில் பதிந்திருக்கிறது. பிரித்தானியாவின் கணக்கு வேறு. அங்கே 2012 முதல் படிப்படியாக, 22 வயதுக்கு மேற்பட்டு ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் உழைப்பவரைத் தொழில்தருநர் தாமாகவே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சம்பளத்தின் குறிப்பிட்ட பகுதியில் மொத்தம் 8 வீதம் சேரும். அதில் 3 வீதமாவது முதலாளியுடையது. பொதுவாக 55 வயதானதும் இந்தப் பணத்தில் கை வைக்கலாம். 2028 ஏப்ரல் மாதம் முதல் அந்த வயது 57 ஆகிறது. கடும் நோயால் வேலை செய்ய முடியாதவருக்கு அதற்கு முன்பும் வழி உண்டு.

இனி, நோயாளிக்குக் கிடைக்கும் உதவிகளைப் பார்ப்போம். எல்லாவற்றையும் "பெனிபிட்" என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

பி.ஐ.பி. எனப்படும் கொடுப்பனவு உடல் இயலாமைக்காகத் தரப்படுவது. (ஸ்கொட்லாந்தில் இதற்கு வேறு பெயர்.) இது வருமானத்தையோ சேமிப்பையோ பார்ப்பதில்லை. ஒருவர் மாதம் 2,000 பவுண் ஓய்வூதியம் வாங்கினாலும் இதில் ஒரு சதம் குறையாது. "உனக்குத்தான் பென்ஷன் இருக்கிறதே, கேட்டால் தரமாட்டார்கள்" என்று யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அரச ஓய்வூதிய வயதுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டிய உதவி இது. தாமதித்தால் போனதுதான்.

அடுத்தது புதிய முறை ஈ.எஸ்.ஏ. கடந்த இரண்டு மூன்று வருடங்களில் தேசியக் காப்புறுதி கட்டியவர் நோயுற்றால் பெறுவது. சேமிப்பு எவ்வளவு இருந்தாலும், மனைவி எவ்வளவு உழைத்தாலும் இதற்குப் பொருட்டில்லை. ஆனால் தொழில் வழி ஓய்வூதியம் மட்டும் இதைத் தொடும். வாரத்துக்கு 85 பவுண் வரையான ஓய்வூதியத்தை விட்டுவிடுவார்கள். அதற்கு மேற்பட்டதில் பாதியைக் கழிப்பார்கள். வாரம் 125 பவுண் ஓய்வூதியம் வந்தால் மேலதிகம் 40. கழிவது 20 பவுண். இந்த 85 பவுண் எல்லை 2001ஆம் ஆண்டில், அப்போதிருந்த நோய்க் கொடுப்பனவுக்காக வைக்கப்பட்டது. பாணின் விலை அங்கேயும் எத்தனையோ தடவை ஏறிவிட்டது. எல்லை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மூன்றாவதுதான் யுனிவர்சல் கிரெடிட். வருமானமும் சேமிப்பும் பார்த்துத் தரப்படுவது. வாடகை உதவியும் பிள்ளைகளுக்கான பங்கும் வேலை செய்ய முடியாத நோயாளிக்கான மேலதிகமும் இதற்குள்ளேதான் இருக்கின்றன. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்ந்தால் இருவரின் வரவும் சேமிப்பும் ஒன்றாகவே எண்ணப்படும். ஓய்வூதியம் மிகவும் கடுமையாகத் தாக்குவது இங்கேதான்.

மாதாமாதம் வரும் ஓய்வூதியம் முழுவதும் பவுணுக்குப் பவுண் கழிக்கப்படும். மாதம் 400 பவுண் பென்ஷன் வரத் தொடங்கினால் யுனிவர்சல் கிரெடிட்டில் 400 பவுண் குறையும். கையில் மிஞ்சுவது எதுவுமில்லை. எதிர்காலத்துக்கென்று வைத்த பணம் இப்போதே கரைகிறது, அவ்வளவுதான். உழைத்து வரும் சம்பளத்துக்குக்கூட இத்தனை கண்டிப்பு இல்லை. அதில் பவுணுக்கு 55 பென்ஸ் மட்டுமே கழிப்பார்கள்.

ஒரே தடவையில் எடுத்தால்? அப்போது அது சேமிப்பாகிவிடும். 6,000 பவுண் வரை கணக்கில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4 பவுண் 35 பென்ஸ் வருமானம் வருவதாகக் கற்பனை செய்து கழிப்பார்கள். 16,000 பவுணைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயாளியான ஒருவருடைய ஓய்வூதியத் திட்டத்தில் 60,000 பவுண் இருக்கிறது. வயது 57. வரியில்லாமல் எடுக்கக்கூடிய கால்பங்கு 15,000 பவுணை எடுக்கிறார். வேறு சேமிப்பு இல்லாவிட்டால் அவருடைய உதவிப் பணத்தில் மாதம் 156 பவுண் 60 பென்ஸ் குறையும். ஆனால் ஏற்கனவே வங்கியில் 1,500 பவுண் வைத்திருந்தால் மொத்தம் 16,500. எல்லை தாண்டிவிட்டது. யுனிவர்சல் கிரெடிட் முழுவதும், வாடகைப் பங்கும் சேர்த்து நிற்கும். அந்த 1,500 பவுண் செய்த வேலையைப் பாருங்கள்!

எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும்? இதுதான் பலருக்குத் தெரியாத விடயம். அரச ஓய்வூதிய வயதுக்குக் கீழ் உள்ளவருடைய திட்டத்தில் கைபடாமல் இருக்கும் பணம் யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் சேமிப்பாகவும் எண்ணப்படாது, வருமானமாகவும் எண்ணப்படாது. 60,000 இருந்தாலும் இல்லாதது போலத்தான். எடுக்க முடியும் வயதிலிருந்தும் எடுக்கவில்லையே என்று அதிகாரிகள் குற்றம் பிடிக்க முடியாது. அந்த அரச வயது 66 ஆக இருந்தது. 2026க்கும் 2028க்கும் இடையில் படிப்படியாக 67 ஆகிறது. அதைக் கடந்தபின் கணக்கு தலைகீழாகும்: எடுக்காத பணத்துக்கும் வருமானம் வருவதாகவே கருதுவார்கள்.

ஊரில் வீடு கட்டும் சகோதரிகள் அடுத்ததைக் கவனமாக வாசிக்க வேண்டும். எடுத்த பணத்தை இங்கே அனுப்பிவிட்டால் அங்கே சேமிப்பு இல்லையே என்று நினைக்கிறோம். உதவிப் பணம் பெறுவதற்காகக் கைக்காசைக் கைமாற்றியதாக அதிகாரிகள் முடிவு செய்தால், அந்தப் பணம் இன்னும் அவரிடமே இருப்பதாகக் கணக்கெழுதுவார்கள். மருமகனுக்குக் கொடுத்தாலும் சரி, தங்கச்சியின் கல்யாணத்துக்குக் கொடுத்தாலும் சரி. உண்மையான கடனை அடைப்பதும், நிலைமைக்குத் தகுந்த அவசியப் பொருட்களை வாங்குவதும் இதில் சேராது. ஆனால் பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

அதோடு, கட்டி முடித்த வீடு அவர் பெயரில் இருந்தால் அதுவும் சொத்துத்தான். அவர் குடியிருக்காத வீடு கடலுக்கு அப்பால் இருந்தாலும், சந்தை விலையில் விற்கும் செலவுக்கென 10 வீதமும் அதன் மீதுள்ள ஈட்டுக் கடனும் கழித்து எண்ணப்படும். வயது முதிர்ந்த உம்மா வாப்பா குடியிருந்தால் விட்டுவிடுவார்கள். விற்க முயன்றுகொண்டிருந்தால் 6 மாத காலம் பொறுப்பார்கள். இலங்கை வங்கிக் கணக்கில் அவர் பெயரில் கிடக்கும் பணமும் அப்படியே. மறைத்துப் பின்னர் தெரியவந்தால் வாங்கியது முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், வழக்கும் வரலாம். ஒரு சிறு ஆறுதல்: சொந்தப் பாவனைப் பொருட்கள் சேமிப்பாகக் கருதப்படுவதில்லை. கையில் கிடக்கும் காப்பை யாரும் எண்ண மாட்டார்கள். உதவி பெறும் நோக்கில் காசைப் பொன்னாக்கியதாகத் தோன்றினால் மட்டும் கேள்வி வரும்.

அங்கே வாழும் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பகுதி நேர வேலை செய்துகொண்டு யுனிவர்சல் கிரெடிட்டும் பெறுகிறவர்கள், "கையில் வரும் சம்பளம் குறைகிறதே" என்று ஓய்வூதியத் திட்டத்திலிருந்து விலகிவிடுகிறார்கள். இது நட்டக் கணக்கு. கட்டிய தொகையைக் கழித்த பின்புதான் சம்பளத்தைக் கணக்கெடுப்பார்கள். உழைப்பு ஏற்கனவே உதவிப் பணத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் மாதம் 40 பவுண் கட்டினால் யுனிவர்சல் கிரெடிட் 22 பவுண் கூடும். கைச்செலவு 18 தான். முதலாளியின் பங்கு வேறு.

விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளட்டும். பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை உள்ளவருக்கு யுனிவர்சல் கிரெடிட்டும் பி.ஐ.பி.யும் தடை. காப்புறுதி கட்டியதால் கிடைக்கும் புதிய முறை ஈ.எஸ்.ஏ.க்கு அந்தத் தடை இல்லை.

இவ்வளவும் சொன்னதால் பென்ஷன் காசைத் தொடவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உதவிப் பணமே பெறாதவருக்கும், கடன் கழுத்தை நெரிப்பவருக்கும் எடுப்பதே சரியாக இருக்கலாம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பென்ஷன் வைஸ் என்ற அரச ஆதரவுள்ள சேவை இலவசமாக வழி சொல்கிறது. உதவிப் பணக் கணக்குக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்கள் இருக்கின்றன. படிவத்தில் ஒப்பமிடுவதற்கு முன் இரண்டிடமும் கேட்கச் சொல்லுங்கள். ஏற்கனவே எடுத்து, உதவி வெட்டப்பட்டிருந்தால் கடிதத்திலுள்ள திகதியைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவை மீளப் பரிசீலிக்கக் கேட்பதற்குப் பொதுவாக ஒரு மாதம்தான் அவகாசம்.