கரிசலின் கதை கடல் கடக்கலாம். கரிசலான் காணக் கூடாதா?

"விழாப் படமா? அது படித்தவர் பார்ப்பது, பட்டணத்தார் சுவைப்பது. பருத்திக்காட்டானுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணுக்கும் அது எதற்கு? அவர்களுக்குப் பாட்டு வேண்டும், சண்டை வேண்டும், இடையிலே கொஞ்சம் சிரிப்பு வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால் தாங்கமாட்டார்கள்!"

இப்படிப் பேசுவோர் இரு வகையினர், தோழர்களே! ஒருவர், படத்தைச் சரக்காக்கி விற்பவர். மற்றவர், முன்வரிசையில் அமர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "உயர்ந்த கலை எல்லோருக்கும் எட்டுமா?" என்று கவலையோடு தலையசைப்பவர். முன்னவர் காப்பது கல்லாப்பெட்டி. பின்னவர் காப்பது கௌரவம். இருவரும் சேர்ந்து எழுதும் தீர்ப்போ ஒன்றே: கரிசல்காட்டான் சிந்திக்கத் தெரியாதவன்!

வேதத்தைச் சூத்திரன் கேட்கலாகாது என்று விதித்த வாய்க்கும், நல்ல படத்தைப் பாமரன் காணலாகாது என்று தடுக்கும் வாய்க்கும் என்ன வேறுபாடு? அங்கே தடை போட்டது சாத்திரம். இங்கே தடை போடுவது 'ரசனை'. பெயர்தான் புதிது, பூட்டு பழையது!

கணக்குப் பார்ப்போம். கோவில்பட்டியைச் சுற்றிலும், சாத்தூர், சிவகாசி வரையிலும், மழை பொய்த்த கரிசலிலே மக்களுக்குச் சோறு போட்டது தீப்பெட்டி. அந்தச் சோற்றின் விலையாகப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பறித்துக்கொண்டதும் அதே தீப்பெட்டிதான். விடியுமுன் எழுப்பப்பட்டு, குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போன பிஞ்சுகளின் கதையை 1990-இல் ஆவணப்படமாக்கினார் சலம் பென்னூர்கர். 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்பது அதன் பெயர். சிவகாசிக்குச் சூட்டிய பெருமைப் பட்டத்தையே குற்றச்சாட்டாகத் திருப்பிக் காட்டிய பெயர்! அதே 1990-களில், கோவில்பட்டிச் சீமையின் எழுத்தாளர் பூமணி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பில் 'கருவேலம் பூக்கள்' என்னும் படத்தை எடுத்தார். அதுவும் தீப்பெட்டித் தொழிலிலே கருகும் குழந்தைகளின் கதையே. இடைசெவல் கி. ராஜநாராயணன் எழுதிய 'கிடை'யை, 2003-இல் 'ஒருத்தி' என்று படமாக்கினார் அம்ஷன் குமார். விருதுநகர் வெயிலை வசந்தபாலன் 2006-இல் படமாக்க, அடுத்த ஆண்டே அந்த 'வெயில்' பிரான்சு நாட்டுக் கான் விழாவின் திரையிலே அடித்தது.

நம் மண், நம் மக்கள், நம் கண்ணீர்! ஆனால், தீப்பெட்டி ஆபீஸிலே விரல் தேய்ந்த எத்தனை தாய்மார்கள் 'கருவேலம் பூக்க'ளைக் கண்டார்கள்? ஆட்டுக்கிடை போடுவோர் எத்தனை பேர் 'ஒருத்தி'யைப் பார்த்தார்கள்? விளைந்த பருத்தி வெளியூர் போய்விடுகிறது. விளைவித்தவன் இடுப்பிலே கந்தல். பருத்திக்கு நேர்ந்த கதியே படத்துக்கும் நேர வேண்டுமா?

"அவர்களுக்குப் புரியாதே!" என்கிறார் விற்பனையாளர். புரியாதா? பி. எஸ். வினோத்ராஜ் என்ற இளைஞரைப் பற்றிக் கேளுங்கள். மதுரைப் பக்கத்துக்காரர். வறுமையால் படிப்பை விட்டவர், திருப்பூரிலே உழைத்தவர், பின்பு சென்னையிலே படத்தட்டுகள் விற்கும் கடையிலே வேலை பார்த்தவர். அந்தக் கடைதான் அவருக்குக் கல்லூரி! அங்கேதான் உலகப் படங்களை அவர் கண்டார். கண்டவர் கண்டதோடு நிற்கவில்லை. அவர் எடுத்த 'கூழாங்கல்', 2021-இல் ராட்டர்டாம் விழாவிலே புலி விருதைப் பெற்றது. பொட்டல் வெயிலிலே நடக்கும் ஒரு குடிகாரத் தந்தையும் மகனும், கதை அவ்வளவே. அதை நெதர்லாந்து நாட்டில் கூடிய நடுவர் புரிந்துகொண்டார்களாம். நாள்தோறும் அதே வெயிலில் நடப்பவனுக்கு மட்டும் புரியாதாம்! இதைவிட வேடிக்கை உண்டா?

"உலகப்படம் நம் நாட்டுப்புறத்துக்கு அந்நியம்" என்பது அடுத்த வாதம். வரலாறு தெரியாதவர் பேச்சு இது. 1905-இல் திருச்சியிலே ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். நம்மவர் முதலில் கண்ட சினிமாவே அயல்நாட்டுச் சினிமாதான்! அந்த மௌனப்பட நாட்களில் திரையருகே ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வார். எழுத்தறியாதவர்களும் கேட்டார்கள், கண்டார்கள், களித்தார்கள். "கீழே ஓடும் எழுத்தைப் படிக்க முடியாதே" என்று இன்று கைவிரிப்போருக்கு, நூறாண்டுக்கு முன்பே கீற்றுக்கொட்டகை விடை சொல்லிவிட்டது. எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

"உழைத்துக் களைத்தவனுக்கு மேலும் சோகத்தைக் காட்டலாமா?" இது மூன்றாவது வாதம், இரக்கத்தின் முகமூடி அணிந்து வருவது. நல்லதங்காள் கதையை விடிய விடியக் கேட்டுக் கண்ணீர் வடித்தவர்கள் யார்? பட்டணத்துக் கனவான்களா? நம் பாட்டிமார் அல்லவா! அந்தக் கதை விதியின் மேல் பழி போட்டதை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அதைத் தாங்கிய நெஞ்சு, விதியின் முகத்திரையைக் கிழிக்கும் படத்தையும் தாங்கும். சிரிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சிரிப்பு மட்டுமே போதும் என்று அளந்து ஊற்ற நீ யார் என்றுதான் கேட்கிறோம்.

1952-ஐ நினைவில் கொள்ளுங்கள். அந்த ஆண்டின் தொடக்கத்திலே பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. பின்பு சென்னைக்கும் வந்தது. அங்கே காட்டப்பட்ட 1948-ஆம் ஆண்டு இத்தாலியப் படம் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. வேலைக்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிள் களவு போகிறது. தந்தையும் மகனும் தெருத்தெருவாகத் தேடுகிறார்கள். நாயகனாக நடித்தவரே ஓர் ஆலைத் தொழிலாளி! இதில் ஒரு காட்சியை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். சைக்கிள் களவு போகும் நேரத்தில் அந்த ஏழை செய்துகொண்டிருந்த வேலை, ஹாலிவுட் நட்சத்திரம் ஒருவரின் சுவரொட்டியை ஒட்டுவது. அங்கே சுவரில் சிரிக்கிறது நட்சத்திரம். இங்கே பறிபோகிறது பிழைப்பு. கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் தம்பிகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் யார் நடத்த முடியும்? கல்லுக்குப் பால் ஊற்றுவதை மூடத்தனம் என்று சொல்லிவிட்டு, அட்டைக்குப் பால் ஊற்றினால் அது பகுத்தறிவா?

அதே 1952-இன் இறுதிப் பகுதியில் வந்தது 'பராசக்தி'. தடை செய் என்று கூக்குரல் எழுந்தது. மக்களோ நீதிமன்றக் காட்சியின் வாதத்தைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தார்கள். வாதத்தை விரும்பாத மக்களா இவர்கள்? வாதம் வைக்கும் படங்களைத் தராமல் மறைத்துவிட்டு, மக்கள் மீது பழி போடுவது மோசடி!

உலகைப் பாருங்கள். செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன், மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிரெஞ்சு மொழியில் நாவல்கள் எழுதியவர். தம் மக்களில் பெரும்பாலோர் அவற்றைப் படிக்க இயலாதவர்கள் என்று கண்டதும் படக்கருவியைக் கையில் எடுத்தார். 1968-இல் 'மண்டாபி'யை மக்களின் வோலோஃப் மொழியிலேயே எடுத்தார். அண்டை மாநிலத்தைப் பாருங்கள். 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1984-இல் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 'ஒடெசா' என்ற கூட்டமைப்பை அமைத்து, மக்களிடமே காசு திரட்டிப் படம் எடுத்தார்கள். அந்த ஜான் தமிழிலே எடுத்த 'அக்ரகாரத்தில் கழுதை'யை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

"கைபேசியில்தான் எல்லாம் இருக்கிறதே!" என்பார்கள். 'கூழாங்கல்'லே 2023-இல் இணையத் திரைக்கு வந்தது, உண்மை. ஆனால் கிணறு இருந்தால் போதாது, கயிறும் வேண்டும். கைபேசி, நேற்றுப் பார்த்ததைப் போன்றதையே இன்றும் நீட்டும். புதியதைத் தேட வழிகாட்டி வேண்டும். பார்த்ததைப் பேசத் துணை வேண்டும்.

ஆகவே, செயலுக்கு வாருங்கள்! கோவில்பட்டியில், எட்டயபுரத்தில், கயத்தாற்றில், விளாத்திகுளத்தில் ஊருக்கொரு திரைப்படச் சங்கம் எழட்டும். படிப்பகத்துச் சுவரிலே வெள்ளைத்துணி, வாடகைக்கு ஒரு படம் காட்டும் கருவி, படம் எடுத்தவரிடம் முறையான அனுமதி: தொடங்க இவை போதும். மாதம் ஒரு படம். முதலில் நம் மண்ணின் படங்கள். பிறகு ஈரான், இத்தாலி, செனகல். பிள்ளைகளுக்கு, நண்பனின் நோட்டுப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஓடும் சிறுவனைப் பற்றிய கியரோஸ்தமியின் 1987-ஆம் ஆண்டுப் படம். நேரத்தைக் குறிக்கும் உரிமை, வேலை முடிந்து வரும் பெண்களுக்கே! காட்சிக்குப்பின் ஒரு மணி நேரம் விவாதம். யாரும் கேட்கலாம், யாரும் மறுக்கலாம். கேரளத்தில் அரசின் சலச்சித்திர அகாடமி விழாவைத் தலைநகருக்கு வெளியேயும் கொண்டு செல்கிறது. அத்தகைய ஏற்பாட்டைத் தமிழக அரசிடம் நாமும் கேட்போம். கிடைக்கும்வரை துணியைச் சுருட்டாமல் நடத்துவோம்.

ஓர் எச்சரிக்கை, தோழர்களே! விருது பெற்றது என்பதற்காக எந்தப் படத்தையும் வணங்காதீர். வெளிநாட்டு விழாவும் ஒரு புதுக் கோயிலாகிவிடக் கூடாது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த 'ஏன்' ஒன்றுக்காகத்தான் இத்தனை பாடும்.

தீக்குச்சி செய்து நாடெங்கும் விளக்கேற்ற அனுப்பிய ஊர் இது. தன் வீட்டுத் திரையில் ஒளி ஏற்றிக்கொள்ள எவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்?